பாபிலோனுக்குச் சென்ற மடல்



வன்னிப் பெருநிலத்திலே கிறிஸ்தவக் குடும்பமொன்றின் வீட்டினுள் நுழைவோர், கூடத்துச் சுவரிலே சட்டமிட்ட வேதவசனம் ஒன்று தொங்குவதைக் காண்பர். கிளிநொச்சியாயினும் முல்லைத்தீவாயினும் வவுனியாவாயினும், கத்தோலிக்கராயினும் திருச்சபையின் பிற பிரிவினராயினும், இவ்வழக்கத்தில் அதிக வேறுபாடில்லை. அவ்வாறு தொங்கும் வசனங்களுள் முதன்மையான இடத்தைப் பெற்றிருப்பது எரேமியாவின் ஆகமத்திலே 29ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனமாகும். தம் மக்களைக் குறித்துத் தாம் கொண்டிருக்கும் எண்ணங்களைத் தாம் அறிவதாகவும், அவை தீங்கு கருதியவை அல்ல, நலம் கருதியவையே என்றும் இறைவன் உரைப்பதாக அமைந்தது அது. நாட்காட்டியிலும் திருமண அழைப்பிதழிலும் பரீட்சைக்குச் செல்லும் பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கும் துண்டுக் காகிதத்திலும் அதனைக் காணலாம். வீடிழந்தோர் தறப்பாள் கொட்டில்களில் வாழ்ந்த காலத்திலே, சுவர் இல்லாமையால், கொட்டிலின் நடுக்கம்பில் அவ்வசனம் கட்டப்பட்டிருந்ததும் உண்டு.

இவ்வசனம் முதன்முதல் யாருக்கு, எந்த வேளையில், எதற்காக எழுதப்பட்டது என்பதைச் சற்று விரித்துக் கூறுவதே இன்றைய பேச்சின் நோக்கம். வசனத்தை நேசிப்போரின் மனத்தைப் புண்படுத்துவது என் கருத்தன்று. சுவரிலே தொங்குவது ஒரு நீண்ட மடலின் நடுவிலிருந்து கத்தரித்தெடுத்த ஒரு வரி. அம்மடலைப் பெற்றவர்கள் வன்னி மக்களைப் போலவே இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்கள். இவ்விரண்டையும் அறிந்து வாசிப்போருக்கு அவ்வரி வேறொரு குரலிலே ஒலிக்கும்.

வேதநூலை வரிவரியாகக் கத்தரிக்கும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது? மூல ஏடுகளிலே வசன எண்கள் இல்லை. அதிகாரப் பிரிவுகள் கி. பி. 13ஆம் நூற்றாண்டிலே ஏற்பட்டவை. புதிய ஏற்பாட்டின் வசன எண்களை ரொபேர் எத்தியேன் என்னும் பிரெஞ்சு அச்சகத்தார் 1551இலே அமைத்தார். தேடி எடுப்பதற்கு அவை பெருந்துணை என்பதில் ஐயமில்லை. ஆயினும் எண்ணிட்ட மணிகளைக் கண்டவன் மாலையை அறுத்து மணி மணியாக விற்கத் தொடங்கியதைப் போன்ற ஒரு விளைவும் அதனால் உண்டாயிற்று. பிலிப்பியருக்கு எழுதப்பட்ட நிருபத்திலே, எதனையும் செய்ய வல்லேன் எனப் பவுல் கூறுவதாக ஒரு வசனம் உண்டு. அதனை விளையாட்டுப் போட்டியிலே வெற்றிபெறுவதற்கான மந்திரம்போல எடுத்தாளுகின்றனர். சிறையிலிருந்த அவர் அங்கே பேசுவது, பசித்திருக்கவும் நிறைந்திருக்கவும் தாம் பழகிக்கொண்டதைப் பற்றியே. இரண்டொருவர் கூடுமிடத்திலே ஆண்டவர் இருப்பார் என்னும் மத்தேயு வசனமும் அத்தகையதே. ஆராதனைக்கு ஆள் குறைந்த நாட்களிலே குருமார் அதனைக் கூறி ஆறுதலடைவர். அது இருக்கும் இடமோ சகோதரர் இருவருக்கிடையே எழுந்த பிணக்கைச் சாட்சிகளை வைத்து விசாரிக்கும் முறையைக் கூறும் பகுதி. இவை நிற்க. எரேமியாவின் மடலுக்கு வருவோம்.

கி. மு. 597இலே பாபிலோனிய மன்னன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பணியவைத்தான். பதினெட்டு வயதே நிரம்பிய யோயாக்கீன் அரசனையும், அவன் தாயையும், பிரபுக்களையும், தச்சரையும் கொல்லரையும் சிறைப்படுத்திப் பாபிலோனுக்குக் கொண்டுசென்றான். நகரம் அப்போது அழியவில்லை. யோயாக்கீனின் சிறிய தந்தை சிதேக்கியா, பாபிலோனியருக்குக் கட்டுப்பட்ட அரசனாக அங்கே வைக்கப்பட்டான். ஆகவே யூதா மக்கள் இரு கூறாயினர்: ஊரில் எஞ்சியோர் ஒரு பகுதி, வெகு தொலைவிலே அந்நிய நிலத்தில் குடியேற்றப்பட்டோர் மறு பகுதி. இரு பகுதியினரிடையேயும் கடிதங்கள் போய்வந்தன. சிதேக்கியா பாபிலோனுக்கு அனுப்பிய தூதர் இருவர் கையிலே எரேமியா தீர்க்கதரிசி கொடுத்தனுப்பிய மடல்தான் 29ஆம் அதிகாரம்.

மடலைப் படிப்பதற்கு முன் 28ஆம் அதிகாரத்தைப் படித்தல் வேண்டும். சுவரிலே வசனத்தைத் தொங்கவிடுவோர் பெரும்பாலும் படிக்காத அதிகாரம் அது. எருசலேம் ஆலயத்திலே அனனியா என்னும் தீர்க்கதரிசி எழுந்து, இரண்டே ஆண்டுகளில் அரசனும் சிறைப்பட்டோரும் ஆலயப் பாத்திரங்களும் திரும்பி வருவர் என்று முழங்கினான். எரேமியாவோ, பாபிலோனின் ஆதிக்கம் நீடிக்கும் என்பதற்கு அடையாளமாக, மாட்டுக்குப் பூட்டுவதுபோன்ற மரநுகம் ஒன்றைத் தம் கழுத்திலே சுமந்து நின்றார். அனனியா அந்நுகத்தைப் பிடுங்கி எல்லோர் முன்னிலையிலும் முறித்துப் போட்டான். கூடியிருந்தோர் யாருடைய பக்கம் நின்றிருப்பர் என்று நாம் சொல்லவேண்டியதில்லை. எரேமியாவின் மறுமொழியிலே ஓர் அழகுண்டு. அவர் முதலில் 'ஆமென்' என்கிறார். அனனியா சொன்னவாறே நடக்கட்டும் என்று மனமார விரும்புகிறார். மக்கள் திரும்புவதை வெறுத்தவர் அல்லர் அவர். விரும்புவது வேறு, நடக்கப்போவது வேறு என்பதை அறிந்தவர்.

இடம்பெயர்ந்தோரிடையே அனனியாக்களுக்கு எக்காலத்திலும் பஞ்சமில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஒரே இரவிலே ஊரைவிட்டு வெளியேறினார்கள். தென்மராட்சியையும் கடந்து அவர்களுட் பலர் கிளிநொச்சிக்கு வந்தபோது, பொங்கலுக்கு ஊருக்குப் போய்விடலாம் என்றே பலரும் பேசிக்கொண்டனர். அடுத்த ஆண்டு செப்டெம்பரிலே கிளிநொச்சியும் பெயர்ந்தது. அப்பொழுதும் அதே பேச்சு. மாதத்தின் பெயர் மட்டும் மாறியிருந்தது. அவ்வாறு பேசியவர்களைப் பொய்யர் எனல் தகாது. அந்தப் பேச்சில்லாமல் ஒரு நாளைக் கழிப்பதே அவர்களுக்கு அரிதாயிருந்தது.

இந்நிலையிலே மடல் வந்து சேருகிறது. அதன் முதற் செய்தி வீடு கட்டுங்கள் என்பது. கட்டி, அதிலே குடியிருங்கள். தோட்டம் வையுங்கள், அதன் கனியை உண்ணுங்கள். பெண் கொள்ளுங்கள், பிள்ளை பெறுங்கள், அப்பிள்ளைகளுக்கும் மணம் முடியுங்கள். இவ்வாறு மூன்று தலைமுறையை அம்மடல் நான்கைந்து வரியிலே அடக்கிவிடுகிறது. அதன் பின்னரே, பாபிலோனுக்கு எழுபது ஆண்டு நிறைந்த பிறகு உங்களைத் திரும்பக் கொணர்வேன் என்னும் பத்தாம் வசனம் வருகிறது. நாம் சட்டமிட்டு மாட்டும் பதினோராம் வசனம் அதனை அடுத்தே நிற்கிறது. எழுபதை நீக்கிவிட்டுப் பதினொன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

தோட்டம் வைக்கும் கட்டளை எத்துணைக் கடுமையானது என்பதை இடம்பெயர்ந்து வாழ்ந்தவரே அறிவர். முகாமிலே கீரை விதைப்பார்கள், பயற்றங்கொடி படரவிடுவார்கள், மிளகாய்க் கன்று இரண்டு வைப்பார்கள். தென்னம்பிள்ளை வைக்க மனம் வராது. கீரை மூன்று கிழமையில் பயன்தரும். தென்னையோ ஆண்டுக்கணக்கில் காத்திருந்தாற்றான் காய்க்கும். தென்னம்பிள்ளைக்குக் கிடங்கு வெட்டுகிறவன், இன்னும் பல ஆண்டு இங்கேதான் இருக்கப்போகிறேன் என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டவனாகிறான். எரேமியா வெட்டச் சொன்னது அந்தக் கிடங்கையே.

அது பெற்றோரை மகிழ்விக்கவில்லை. அதே அதிகாரத்தின் பிற்பகுதியிலே, பாபிலோனிலிருந்து செமாயா என்பவன் எருசலேமிலுள்ள குருவுக்குச் சினந்து எழுதுகிறான்: நெடுங்காலம் இருக்கவேண்டும், வீடு கட்டுங்கள் என்று எங்களுக்கு எழுதிய எரேமியாவை நீர் ஏன் தண்டிக்கவில்லை என்பது அவன் கேள்வி. இன்று நாம் ஆறுதல் மொழியாகப் போற்றும் மடல், எழுதப்பட்ட காலத்திலே எழுதியவருக்குத் தண்டனை கோரி எதிர்க்கடிதம் வரச்செய்தது.

இம்மடலைப் பெற்றோரின் வாழ்வு எத்தகையது என்பதை அறிய வேதநூலுக்கு வெளியிலும் சான்றுகள் உள. பாபிலோனிலே ஜேர்மானிய அறிஞர் கொல்டவே நடத்திய அகழ்வாய்வில் கிடைத்த களிமண் ஏடுகள் சிலவற்றை, வைட்னர் என்பவர் 1939இலே வெளியிட்டார். அவை அரண்மனைக் களஞ்சியத்தின் பங்கீட்டுக் கணக்கு. யூதாவின் அரசன் யோயாக்கீனுக்கு இவ்வளவு எண்ணெய், அவன் குமாரர் ஐவருக்கு இவ்வளவு எண்ணெய் என்று அவற்றிலே பொறிக்கப்பட்டுள்ளது. நிவாரண அட்டையோடு சங்கக்கடை வாசலிலே வரிசையில் நின்றவர்களுக்கு இக்கணக்கின் நடை புதிதாகத் தோன்றாது. தாவீதின் சிங்காசனத்தில் இருந்தவனுக்கும் எண்ணெய் அளந்தே கொடுக்கப்பட்டது.

சாதாரண மக்களைப் பற்றிய ஏடுகள் இன்னும் சுவையானவை. 2014இலே பதிப்பிக்கப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட களிமண் ஏடுகளில், யூதாவூர் எனப் பொருள்படும் பெயருடைய ஒரு கிராமம் அடிக்கடி வருகிறது. முறையான அகழ்வாய்வில் அன்றிப் பழம்பொருள் வாணிபத்தின் வழியே வெளிவந்தவை இவை என்பதையும் சொல்லிவிடவேண்டும். கி. மு. 572 தொடக்கம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலத்துப் பத்திரங்கள் அவற்றில் உள்ளன: வாற்கோதையும் பேரீச்சையும் கடனாகப் பெற்றது, நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தது, அரசுக்கு வரி செலுத்தியது, சகோதரர் சொத்துப் பிரித்தது. கட்டினார்கள், நட்டார்கள், பெண் கொண்டார்கள் என்பது தெளிவு. ஊரை இழந்தோர் புதிய ஊருக்குத் தம் பழைய நாட்டின் பெயரையே வைத்துக்கொண்டனர். வன்னியிலும் ஊர்ப் பெயர்களே குடியேற்ற வரலாற்றைச் சொல்வதுண்டு. புதுக்குடியிருப்பு என்ற பெயருக்கு விளக்கம் வேண்டியதில்லை. மலைநாட்டிலிருந்து துரத்தப்பட்டு வந்த தோட்டத் தொழிலாளர் குடியேறிய பாரதிபுரம், மலையாளபுரம் முதலிய கிராமங்கள் கிளிநொச்சியில் உள.

பாபிலோன் ஆறுகளின் ஓரத்திலே அமர்ந்து அழுததாகக் கூறும் 137ஆம் சங்கீதத்தையும் இவ்விடத்தில் நினைக்கலாம். அந்த 'ஆறுகள்' பெரும்பாலும் வாய்க்கால்களே. எசேக்கியேல் தீர்க்கதரிசி இருந்த கேபார் நதியும் நிப்பூர்ப் பகுதியிலே வெட்டப்பட்ட ஒரு கால்வாய்தான். யூதாவின் மலைநாட்டு உழவன் வானத்தை நம்பிப் பயிரிட்டவன். மழைநீரைப் பாறையிலே குடைந்த தொட்டியிற் சேமித்தவன். அவனைக் கொண்டுபோய்ச் சமதரையிலே, வாய்க்கால் நீரும் மடையும் முறைத்தண்ணீரும் உள்ள ஊரிலே விட்டார்கள். கிணற்றையும் துலாவையும் தவிர வேறறியாத யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரன் இரணைமடு வாய்க்காற்கரையில் வந்து நின்று, காலபோகம் எப்போது, சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் விடுவார்கள் என்று விசாரித்த நிலைமைக்கு அது ஒப்பாகும். அச்சங்கீதத்திலே கின்னரங்களைத் தொங்கவிட்ட மரத்தை நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'அலரி' என்கிறது. நம் வீட்டு வேலியோரத்து அலரியில் யாழைத் தொங்கவிட்டால் கொப்பு முறிந்துவிடும். மூலத்திற் குறிக்கப்பட்டது யூபிரத்தீசு ஆற்றங்கரையில் வளரும் நெட்டிலிங்கம் போன்ற ஒரு வகை மரம் என்பர் தாவரநூலார். சிறிய செய்திதான், எனினும் கண்ணால் காணாத நிலத்தை நாம் நம் வளவுக்குள் இழுத்து வைத்துக்கொள்கிறோம் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

மடலின் ஏழாம் வசனம் எவருக்கும் தொண்டையில் முள்ளாய் நிற்பது. உங்களைச் சிறைப்படுத்திச் சென்ற நகரத்தின் நலத்தை நாடுங்கள், அதற்காக மன்றாடுங்கள், அதன் நலத்திலேதான் உங்கள் நலம் இருக்கிறது என்கிறது அது. எபிரேய மொழியிலே 'ஷாலோம்' என்னும் சொல் அவ்வொரு வசனத்தில் மும்முறை வருகிறது. பதினோராம் வசனத்தில் இறைவனின் எண்ணங்களுக்கு அடைமொழியாக நிற்பதும் அதே சொல். ஆகவே சுவரிலே மாட்டிய வசனத்தின் நலம், ஏழாம் வசனத்தின் நலத்தோடு பிணைந்தது. ஒன்றை எடுத்து மற்றதை விடுவதற்கு மூலம் இடம் தரவில்லை. பாபிலோனின் குழந்தைகளுக்குத் தீங்கு நேர வேண்டுமென்று 137ஆம் சங்கீதத்தின் முடிவிலே கதறியவர்களும், பாபிலோனுக்காக மன்றாடும்படி சொல்லப்பட்டவர்களும் ஒரே மக்கள். இரண்டையும் ஒரே நூலுக்குள் விட்டுவைத்த தொகுப்பாசிரியர்களின் துணிவை நான் வியக்கிறேன்.

ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். ஏழாம் வசனத்தை எடுத்துக்கொண்டு, போனது போகட்டும், காணியைக் கேளாதீர்கள், இருக்கும் இடத்தில் இருங்கள் என்று ஏழை மக்களுக்கு உபதேசம் செய்ய முற்படுவோர் உளர். வன்னி மக்களின் நிலை பாபிலோனியச் சிறையிருப்புக்கு முற்றிலும் ஒப்பானதன்று. இவர்கள் தங்கள் சொந்த மண்ணுக்குள்ளேயே அலைந்தவர்கள். 2009இலே செட்டிகுளம் மெனிக் பாம் முதலான வவுனியா மாவட்டத்து முகாம்களில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்தபோது, அவர்களுட் பலருடைய வீட்டுக்கும் முகாமுக்கும் இடையே நூறு மைல் தொலைவுகூட இருக்கவில்லை. மெனிக் பாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்ட பின்னரும், கேப்பாப்பிலவு மக்கள் போன்றோர் தம் காணிக்குச் செல்ல முடியாது அயலிலேயே குடியமர்த்தப்பட்டனர். இவர்களுக்கு எரேமியா என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிக்கவேண்டியதில்லை. அவர் செய்த ஒரு காரியத்தை 32ஆம் அதிகாரம் விரிவாகக் கூறுகிறது.

மடல் எழுதி ஆண்டுகள் சில சென்றபின், எருசலேம் மீண்டும் முற்றுகையிடப்பட்டிருந்தது. எரேமியா காவற்கூடத்து முற்றத்திலே அடைபட்டிருந்தார். பகைவர் மண்மேடு போட்டு மதிலை நெருங்கிவிட்டார்கள். அந்நேரத்தில் அவருடைய சிறிய தந்தையின் மகன் வந்து, ஆனதோத்திலுள்ள குடும்பக் காணியை வாங்கிக்கொள்ளும்படி கேட்கிறான். ஆனதோத் எருசலேமுக்கு வடகிழக்கே மூன்று மைல் அளவிலுள்ள ஊர். அப்போது அது பகைப்படையின் வசம். அப்படிப்பட்ட காணியை எவன் வாங்குவான்? எரேமியா வாங்கினார். பதினேழு சேக்கல் வெள்ளியைத் தராசிலே நிறுத்துக் கொடுத்தார். உறுதி எழுதிச் சாட்சிகளை ஒப்பமிடச் செய்தார். முத்திரையிட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று ஆக இரண்டையும் எழுத்தாளன் பாருக்கிடம் கொடுத்து, நெடுநாள் கெடாமலிருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். வேதநூலிலே காணிக் கொள்வனவு இத்துணை நுணுக்கமாக எழுதப்பட்ட இடம் மிக அரிது.

காணிப் பத்திரத்தை 'உறுதி' என்றழைப்பது நம்மவர் வழக்கு. ஓடிய ஓட்டத்திலே சட்டி பானையை விட்டவர்களும், உடுபிடவையை விட்டவர்களும், உறுதியையும் பேர்மிற் பத்திரத்தையும் பொலித்தீன் பையில் சுற்றி மார்போடு கட்டிக்கொண்டு ஓடினார்கள். பலர் பதுங்குகுழிக்குள்ளே புதைத்து வைத்தார்கள். மீண்டு வந்து தோண்டியபோது சிலருக்குக் கிடைத்தது, சிலருக்குக் கறையான் மண்ணே கிடைத்தது. பாருக்கின் மண்பாண்டம் அவர்களுக்கு உவமையன்று. பாபிலோனில் வீடு கட்டுங்கள் என்று எழுதிய அதே கை, ஆனதோத்துக் காணிக்கு உறுதி முடித்தது. இருக்கும் இடத்தில் வாழ்வதும், இழந்த இடத்தின் உரிமையை விடாதிருப்பதும் ஒன்றுக்கொன்று முரண் என்று அவர் கருதவில்லை.

இனி அவ்வசனத்தின் சொற்களை நோக்குவோம். தமிழ் மொழிபெயர்ப்பில் இரண்டு இடங்களிலே நாம் வழி தவறக்கூடும்.

முதலாவது, 'உங்கள்' என்னும் சொல். தமிழில் நீங்கள், உங்கள் என்பன பலரையும் குறிக்கும். மதிப்புக்குரிய ஒருவரையும் குறிக்கும். பெரியவர் ஒருவரை 'நீ' என விளிப்பது நமக்கு அடுக்காது. ஆதலால் தனியே அமர்ந்து அவ்வசனத்தை வாசிக்கும் ஒருவர், 'உங்களை' என்பதைத் தம்மையே குறித்த சொல்லாக இயல்பாகக் கொள்கிறார். எபிரேயப் பன்மைக்கு இந்த மரியாதைப் பொருள் இல்லை. பலரைக் குறிக்கவே அது வரும். அங்கே பேசப்படுவது ஒரு மக்கட்கூட்டம். மடலைக் கேட்டோருள் முப்பது வயதைக் கடந்தவர்கள் எழுபது ஆண்டின் முடிவைக் காணப்போவதில்லை என்பதை அவர்களே கணக்கிட்டிருப்பார்கள். பாபிலோன் கோரேஸ் மன்னனிடம் வீழ்ந்தது கி. மு. 539இலே. அதற்குப் பின் எருசலேமை நோக்கிப் புறப்பட்டவர்கள் பெரும்பாலும் அங்கே பிறந்தவர்கள். அந்நகரத்தை ஒருபோதும் காணாதவர்கள். வாக்குக் கொடுக்கப்பட்டது பாட்டனுக்கு. அது கைக்கு வந்தது பேரனுக்கு.

இரண்டாவது, வசனத்தின் முடிவு. 1871இலே வெளிவந்த, இன்றும் பல ஆலயங்களிலே வாசிக்கப்படும் ஐக்கிய மொழிபெயர்ப்பு, மக்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை இறைவன் தருவார் என்ற பொருள்பட அமைந்துள்ளது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பும் ஏறக்குறைய அவ்வாறே. எபிரேயத்தில் உள்ளவை இரண்டு சொற்கள்: 'அகரீத்', 'திக்வா'. முன்னது பின்வருங்காலம் அல்லது கடைமுடிவு; பின்னது நம்பிக்கை, எதிர்நோக்கு. இரண்டையும் ஒன்றாய்ச் சேர்த்து 'எதிர்நோக்கும் முடிவு' எனக் கொள்வது இலக்கணத்துக்குப் புறம்பானதன்று. ஆகையால் அம்மொழிபெயர்ப்பாளரைக் குறைகூற நான் முற்படவில்லை. தமிழ் வேதாகமத்தின் பின்னே எத்தனை கைகள் உழைத்தன என்பதை யாழ்ப்பாணப் பேராயர் குலேந்திரன் 1967இலே வெளியிட்ட வரலாற்று நூல் காட்டும். பேர்சிவல் பாதிரியாரோடு அமர்ந்து அப்பணிக்குத் துணைநின்றவருள் சைவப் பெரியார் ஆறுமுக நாவலரும் ஒருவர் என்பது நம் நாட்டுக்குப் பெருமை. எனினும் இவ்விடத்தில், எதிர்பார்த்த முடிவு என்று படிப்போர் மடலைத் தலைகீழாகப் படிக்கும் ஆபத்துண்டு. அம்மக்கள் எதிர்பார்த்த முடிவு எது? இரண்டே ஆண்டில் திரும்புவது, அனனியா சொன்னது. அது கிடைக்காது என்று சொல்வதற்காகவே மடல் எழுதப்பட்டது. கத்தோலிக்கரும் பிறரும் சேர்ந்து உருவாக்கி 1995இலே வெளியிட்ட திருவிவிலியம் எதிர்காலம், நம்பிக்கை என இரண்டாகவே பிரித்துத் தந்திருக்கிறது. அதுவே மூலத்துக்கு நெருங்கியது என்பது என் துணிபு.

இந்த வேறுபாடு சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடும் ஒன்றன்று. 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலிலே, காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் தொடர்போராட்டத்தைத் தொடங்கினர். வவுனியாவும் முல்லைத்தீவும் தொடர்ந்தன. வட்டுவாகல் பாலத்தைக் கடந்தபோதும், ஓமந்தைச் சோதனை நிலையத்திலும், தம் பிள்ளைகளைக் கையளித்ததாகச் சொல்லும் தாய்மார் அவர்களுள் இருந்தனர். விடை கிடைக்காமலேயே காலமானோர் பலர். அத்தகைய தாயொருத்தியிடம் இந்த வசனத்தைக் காட்டி, நீங்கள் எதிர்பார்ப்பது நடக்கும் அம்மா, வேதம் சொல்லுகிறது என்று கூறுவது எளிது. கூறியவர் அன்றிரவு நிம்மதியாக உறங்குவார். மரநுகத்தை முறித்துப்போட்ட அனனியாவும் அவ்வாறே உறங்கியிருப்பான்.

எரேமியாவின் ஆகமத்திலேயே அந்தத் தாய்க்குரிய பகுதி வேறிடத்தில் இருக்கிறது. 31ஆம் அதிகாரத்திலே, ராமா என்னும் ஊரில் அழுகுரல் கேட்கிறது; முன்னோர் தாயாகிய ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள்; அவர்கள் இல்லாமற்போனதால் ஆறுதல் பெற மறுக்கிறாள். ஏன் ராமா? எருசலேமுக்கு வடக்கே ஐந்து மைல் அளவிலுள்ள அவ்வூரிலேதான், நகரம் வீழ்ந்தபின், கைவிலங்கிட்டவர்களை ஒன்றுசேர்த்துப் பாபிலோனுக்கு அனுப்பினார்கள் என 40ஆம் அதிகாரத்தால் அறிகிறோம். பிள்ளைகள் கடைசியாகக் காணப்பட்ட இடம் அது. ஓமந்தையின் பெயரைக் கேட்டதும் வன்னித் தாய் எதை நினைப்பாளோ, அதையே ராமாவின் பெயரைக் கேட்ட யூதாவின் தாய் நினைத்திருப்பாள்.

ஆறுதல் பெற மறுத்ததற்காக ராகேலை அங்கே எவரும் கண்டிக்கவில்லை. நம்பிக்கை குறைந்தவள் என்று சொல்லவுமில்லை. அடுத்து வரும் இறைமொழியிலே அவள் கண்ணீர் ஒரு வேலையாக மதிக்கப்படுகிறது; அவ்வேலைக்குக் கூலி உண்டு எனச் சொல்லப்படுகிறது. அதன் பின்னர் வரும் வசனத்திலே அதே இரண்டு சொற்கள், அகரீத், திக்வா, மீண்டும் வருகின்றன. மடலிலே ஊராருக்கு எழுதப்பட்டவை இங்கே அழும் தாயிடம் சொல்லப்படுகின்றன. பிள்ளைகள் தம் எல்லைக்குத் திரும்புவர் என்று அவ்விடத்தில் இருப்பது உண்மை. ஆனால் அதே ராகேலின் அழுகையை மத்தேயு எடுத்து, ஏரோதின் வாளுக்குப் பெத்லகேமிலே இரையான குழந்தைகளுக்காகச் சொல்லும்போது, ஆறுதல் பெறாத நிலையோடு நிறுத்திக்கொள்கிறார். திரும்பி வருவர் என்னும் பகுதியை அவர் எடுக்கவில்லை. திரும்பிய பிள்ளைகளுக்கும் திரும்பாத பிள்ளைகளுக்கும் வேதநூல் ஒரே தாயையே அழவைத்திருக்கிறது.

ராமாவிலே விலங்கிடப்பட்டவர்களுள் எரேமியாவும் ஒருவர். பாபிலோனியத் தளபதி அவரை அடையாளம் கண்டு விலங்கைத் தறித்தான். விரும்பினால் பாபிலோனுக்கு வரலாம், உம்மைக் கவனித்துக்கொள்வேன், விரும்பாவிட்டால் இங்கேயே இரும் என்றான். பாபிலோனிலே வீடு கட்டும்படி பிறருக்கு எழுதியவர், தாம் அங்கே போகவில்லை. அழிந்த நாட்டிலே எஞ்சிய ஏழைகளோடு மிஸ்பாவில் தங்கினார். சில காலத்தின் பின் அவ்வேழைகள் அஞ்சி எகிப்துக்கு ஓடியபோது, போகவேண்டாம் என்று தடுத்த அவரையும் பாருக்கையும் கூட்டிக்கொண்டே ஓடினர். எகிப்தின் எல்லைநகராகிய தக்பானேசிலே அவரைக் கடைசியாகக் காண்கிறோம். ஆனதோத்துக் காணியில் அவர் ஏர் பூட்டியதாக எங்கும் எழுதப்படவில்லை. மண்பாண்டத்திலே வைத்த உறுதியை எடுத்தவர் யார் என்பதும் எழுதப்படவில்லை.